மொரீசியஸ் தைப்பூசத்துக்கு விசா வேண்டுமா? ஒரே குடும்பம், நான்கு விதமான பாஸ்போர்ட்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. "தைப்பூசக் காவடி பார்க்க மொரீசியஸ் போகிறோம், பன்னிரண்டு நாள். நான், மனைவி, 15 வயதைத் தொடப்போகும் மகன், என் அம்மா. கூடவே புதுச்சேரியில் இருக்கும் மனைவியின் தாய்மாமா. அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், பிரெஞ்சு பாஸ்போர்ட். முதல் ஐந்து நாள் அங்கே தெரிந்த குடும்பத்தின் வீட்டில், மீதி ஹோட்டலில். மாமாவின் மகள் பக்கத்துத் தீவான ரீயூனியனில் இருப்பதால் நடுவில் மூன்று நாள் அங்கேயும் போய்வர ஆசை. ஒரு ஏஜென்ட் ஆளுக்கு இவ்வளவு என்று விசா கட்டணம் கேட்கிறார். இன்னொருவர் விசாவே வேண்டாம், பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஏறுங்கள் என்கிறார். யார் சொல்வது சரி?"

தம்பி, இரண்டு பேர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்திய பாஸ்போர்ட்டில் சுற்றுலாவாக மொரீசியஸ் போகிறவர் இங்கிருந்தே விசா எடுக்க வேண்டியதில்லை. இறங்கும் இடத்தில் பாஸ்போர்ட்டில் அனுமதி முத்திரை வைப்பார்கள், அதற்குக் கட்டணமும் கிடையாது. ஆகவே முதல் ஏஜென்ட் எதற்குப் பணம் கேட்கிறார் என்று அவரிடமே எழுத்தில் கேளுங்கள். படிவம் நிரப்பித் தர, காகிதம் அடுக்கித் தர என்றால் அது அவருடைய கூலி. அதை விசா கட்டணம் என்று சொல்லக்கூடாது. இரண்டாவது ஆள் சொன்னது அதைவிட ஆபத்தானது. விசா முன்கூட்டி வேண்டாம் என்றால், இங்கே ஒரு தூதரகத்தில் நடந்திருக்க வேண்டிய பரிசோதனை அங்கே கவுன்ட்டரில் நடக்கும் என்று பொருள். காகிதம் போதவில்லை என்றால் அங்கே அடுத்த வாரம் வா என்று சொல்ல மாட்டார்கள். வந்த விமானத்திலேயே திருப்பி அனுப்புவார்கள்.

நான் புதுச்சேரியில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் டிக்கெட் வேலை பார்த்தவன். உங்கள் கேள்வியைப் படித்ததும் முதலில் எண்ணியது நாட்களையோ பணத்தையோ அல்ல, பாஸ்போர்ட்டுகளை. ஐந்து பேர், ஆனால் நான்கு விதம். நீங்களும் மனைவியும் ஒரு விதம், மகன் ஒரு விதம், அம்மா ஒரு விதம், மாமா ஒரு விதம். குடும்பத்துக்கு ஒரே ஃபைல் போட்டால் இதில் யாராவது ஒருவரிடம் சிக்கும். ஆளுக்கு ஒரு ஃபைல் போடுங்கள்.

முதலில் எல்லோருக்கும் பொதுவானதைச் சொல்கிறேன். திரும்பி வரும் டிக்கெட் உறுதியாகியிருக்க வேண்டும். தங்கும் இடம் ஒவ்வொரு இரவுக்கும் காட்டத் தெரிய வேண்டும். செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும், ஆளுக்கு நாளொன்றுக்கு 100 டாலர் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. பாஸ்போர்ட் பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக இருந்தால் எந்த விமான நிலையத்திலும் கேள்வி வராது. அப்புறம் மொரீசியஸ் அரசின் இணையப் பயணப் படிவம். அதை ஆளுக்கு ஒன்றாக, கிளம்புவதற்குச் சில நாள் முன்னால் நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட் விவரம், விமான எண், தங்கும் முகவரி, உடல்நலம், சுங்க விவரம் எல்லாம் அந்த ஒன்றிலேயே அடங்கும். இந்தப் படிவமும் இலவசம். தேடும்போது மேலே வந்து நிற்கும் சில தனியார் தளங்கள் இதே படிவத்துக்குப் பணம் வாங்குகின்றன. அரசுத் தளத்தின் முகவரியில் ஜி-ஓ-வி-எம்-யூ என்ற ஐந்து எழுத்தும் சேர்ந்து வரும், அதைப் பார்த்துவிட்டு நிரப்புங்கள். நிரப்பியதும் வரும் கியூஆர் குறியை போனில் மட்டும் வைத்திருக்காமல் தாளிலும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து மணி நேரப் பயணத்துக்குப் பிறகு வரிசையில் நிற்கும்போது போனில் சார்ஜ் இருக்கும் என்று நம்ப முடியாது.

ஆளுக்கு 100 டாலர் என்றதும் ஐந்து பேருக்குப் பன்னிரண்டு நாள் என்று பெருக்கிப் பார்த்து பயந்துவிடாதீர்கள். அவ்வளவையும் நோட்டாகக் கட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஒரு பகுதி நோட்டாக, ஒரு பகுதி ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணம் ஏற்றிய கார்டு), மீதிக்கு சர்வதேசப் பயன்பாடு திறந்துவைத்த வங்கி கார்டும் மூன்று மாத வங்கிக் கணக்கு விவரமும் இருந்தால் போதும். நோட்டாக எடுத்துப்போவதற்கு இந்தியப் பக்கத்திலும் வரம்பு உண்டு: ஒரு பயணத்துக்கு ஆளுக்கு 3,000 டாலர் மதிப்புக்குள் வெளிநாட்டு நோட்டு, இந்திய ரூபாய் 25,000-க்குள். 2024 பிப்ரவரி 12 முதல் மொரீசியஸில் யூபிஐ வழியாகவும் பணம் கட்டும் வசதி வந்திருக்கிறது. கடையில் அது உதவும். குடிவரவு அதிகாரியிடம் காட்டும் பணமாக அதை நினைக்க வேண்டாம்.

வீட்டில் தங்கும் ஐந்து நாளுக்கு ஹோட்டல் பதிவு இருக்காது அல்லவா? அதற்கு அந்தக் குடும்பத்தார் ஓர் அழைப்புக் கடிதம் எழுத வேண்டும். உங்கள் ஐந்து பேரின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வீட்டு முகவரி, அவர்களுடைய போன் எண், கூடவே அடையாள அட்டை நகலும் மின்சாரக் கட்டண ரசீது போன்ற முகவரிச் சான்றும். தெரிந்தவர் வீடு என்று வாயால் சொன்னால் போதும் என்று போனவர்கள் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்காரர் அன்று போனை எடுத்ததால் வெளியே வந்தார்கள். பயணப் படிவத்தில் முதல் முகவரியாக அந்த வீட்டையே போடுங்கள்.

இனி ஆளுக்கு ஆள்.

மகன். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான், அல்லது 18 வயது வரை, எது முதலில் வருகிறதோ அது. உங்கள் மகனுக்குப் பத்து வயதில் எடுத்திருந்தால் இப்போது முடியும் நேரம். குடும்பம் முழுக்கப் பத்து வருட பாஸ்போர்ட் வைத்திருப்பதால் பையனுடையதும் அப்படித்தான் என்று நினைத்து, டிக்கெட் எடுக்கும் அன்று தேதியைப் பார்த்துத் திகைத்த பெற்றோர் எத்தனையோ பேர். இன்றே எடுத்துப் பாருங்கள். 15 வயது நிறைந்தபின் புதுப்பித்தால் பத்து வருட பாஸ்போர்ட்டே கேட்டு வாங்கலாம். தாய் தந்தை இருவரும் கூடவே போவதால் சம்மதக் கடிதம் தேவைப்படாது. ஆனால் பிறப்புச் சான்றிதழ் நகல் ஒன்றை அவன் ஃபைலில் வையுங்கள், ஏனென்றால் நம்மூர் பெயர் முறையில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே குடும்பப் பெயர் இருப்பதில்லை.

அம்மாவைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. ஆனாலும் இந்த இரண்டு விஷயத்தைப் பாருங்கள், ஏனென்றால் கடலூர், பண்ருட்டி பக்கத்துப் பெரியவர்களின் பாஸ்போர்ட்டில் இவை அடிக்கடி இருக்கும்.

ஒன்று, இ.சி.ஆர். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்கு, வேலைக்காக வெளிநாடு போகும்போது குடிபெயர்வு அனுமதி தேவை என்று பாஸ்போர்ட்டில் குறித்திருப்பார்கள். அதைப் பார்த்து 'அம்மாவை ஏர்போர்ட்டில் நிறுத்திவிடுவார்கள்' என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். அந்த விதி குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு, அதுவும் வேலைக்குப் போகிறவர்களுக்கு. வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அதில் உண்டு, மொரீசியஸ் இல்லை. சுற்றுலா போகும் உங்கள் அம்மாவுக்கு அது பொருந்தாது. இந்த முத்திரையை 'எடுத்துத் தருகிறேன்' என்று சொல்லி யாரும் காசு கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, பெயர். இது தமிழர்களுக்கே உரிய தலைவலி என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கலாம். ரேஷன் கார்டில் ஓர் எழுத்துக்கூட்டல், ஆதாரில் இனிஷியலோடு, பாஸ்போர்ட்டில் இனிஷியல் இல்லாமல் என்று மூன்று விதமாக இருக்கலாம். பயணத்துக்குப் பாஸ்போர்ட்டில் இருப்பதே பெயர். டிக்கெட்டில் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அதை எப்படிப் போடுவது என்பதில் ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு முறை உண்டு: சிலர் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள், சிலர் முதல் பெயர் இல்லை என்பதற்கான குறியைப் போடச் சொல்வார்கள். இணையத்தில் நீங்களே பதிவு செய்யாமல், அந்த நிறுவனத்தைக் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். பெயரைத் திருத்தும் செலவு சில நேரம் புது டிக்கெட் செலவுக்கே வந்துவிடும்.

இதில் துபாய் வழியாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்குச் சுற்றுலா விசாவில் நுழைவு இல்லை என்று அறிவித்தது. விமான நிலையத்துக்குள்ளேயே விமானம் மாறுகிறவரை அது தடுக்காது. ஆனால் வழியில் ஒரு நாள் துபாயைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று திட்டம் போட்டால் அம்மா மாட்டிக்கொள்ளலாம். நேரம் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்து, தந்தை பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயராகச் சேர்த்துவிடுங்கள். ஒருமுறை செய்துவிட்டால் இனி எங்கே போனாலும் தொல்லை இல்லை.

பெயர் என்றதும் மாமாவின் பாஸ்போர்ட் நினைவுக்கு வருகிறது. புதுச்சேரி பிரெஞ்சு நேஷனாலிட்டிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1881-இல் பிரெஞ்சு அரசு கொண்டுவந்த ஆணைப்படி, தங்கள் சாதி, சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு வந்தவர்கள் கட்டாயம் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த வீடுகளில் தலைமுறை தலைமுறையாக அந்தப் பெயர் ஓடுகிறது. பின்னால் 1962 ஆகஸ்ட் 16-இல், புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சு குடியுரிமையைத் தேர்ந்தவர்கள், ராணுவத்தில் சேர்ந்த நம் சொல்தாக்கள் என்று புதுச்சேரியில் ஒரே தெருவில் இரண்டு நாட்டுக் குடிமக்கள் குடியிருப்பது நமக்குப் பழகிப்போன விஷயம். விமான நிலையத்தில் மட்டும்தான் அந்த வித்தியாசம் தெரியும்.

மாமாவுக்கு மொரீசியஸ் போவதில் பிரச்சினை எதுவும் இல்லை. பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்கும் அங்கே விசா முன்கூட்டித் தேவையில்லை. அவருக்கு விசா பார்க்க வேண்டியது திரும்பி வரும் இந்தியாவுக்கு! ஓ.சி.ஐ. கார்டு, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் கார்டு, இருந்தால் அசல் கார்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும், நகல் செல்லாது. கார்டில் இருக்கும் பாஸ்போர்ட் எண் பழையது, கையில் இருப்பது புதியது என்றால், முன்பு பழைய பாஸ்போர்ட்டையும் சுமக்கச் சொன்னார்கள். 2021 மார்ச் முதல் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் புது பாஸ்போர்ட் விவரத்தை ஓ.சி.ஐ. இணையதளத்தில் ஏற்றிவைப்பது நல்லது. ஓ.சி.ஐ. இல்லாமல் விசாவில் புதுச்சேரியில் இருக்கிறார் என்றால், அந்த விசா பல முறை நுழையக்கூடியதா என்று பாருங்கள். ஒரே முறை நுழையும் விசாவோடு வெளியே போனால், மொரீசியஸில் உட்கார்ந்துகொண்டு சொந்த வீட்டுக்கு வர விசா கேட்டு நிற்க வேண்டிவரும். எழுபது வயதுக்கு மேல் இருப்பவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

சரி, ரீயூனியன். மொரீசியஸிலிருந்து முக்கால் மணி நேரப் பறத்தல்தான், ஆனால் அது பிரான்ஸின் ஒரு பகுதி. மாமாவுக்கு அது சொந்த நாடு, இறங்கி நடந்து போகலாம். உங்கள் நால்வருக்கும் அப்படி இல்லை. இங்கே எல்லோரும் செய்யும் தவறு, ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா, இருந்தால் போதும் என்று நினைப்பது. ரீயூனியன் பிரான்ஸைச் சேர்ந்தது, ஆனால் ஷெங்கன் பகுதிக்குள் இல்லை. பாரிஸுக்கு எடுத்த ஷெங்கன் விசாவைக் காட்டி அங்கே இறங்க முடியாது. பிரான்ஸ் விசாவுக்கு விண்ணப்பிக்கும் வழியிலேயே, போகும் இடம் ரீயூனியன் என்று குறிப்பிட்டு விண்ணப்பிக்க வேண்டும். மாமாவின் மகள் அழைப்பவராக இருப்பதால் அவருடைய கடிதம், குடியிருப்புச் சான்று எல்லாம் அந்த விண்ணப்பத்தில் சேரும். மூன்று நாளுக்காக நான்கு பேர் இவ்வளவும் செய்ய வேண்டுமா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். என் யோசனை: மாமா மட்டும் ரீயூனியன் போய் வரட்டும், அல்லது மகள் மொரீசியஸுக்கு வந்து உங்களோடு தைப்பூசம் பார்க்கட்டும். நீங்கள் எல்லோரும் போகத்தான் வேண்டும் என்றால் இரண்டு மாதத்துக்கு முன்பே அந்த வேலையைத் தொடங்குங்கள். ரீயூனியனிலிருந்து மொரீசியஸுக்குத் திரும்பும்போது மறுபடியும் புது நுழைவு என்பதால் பயணப் படிவத்தையும் மறுபடி நிரப்ப வேண்டும்.

வழி எது என்பதும் நுழைவு விதியில் சேர்ந்ததுதான். சென்னையிலிருந்து மும்பை போய் அங்கிருந்து மொரீசியஸ் என்றால் சிக்கல் குறைவு. மும்பையில் இந்தியக் குடிவரவு, அடுத்தது நேராகத் தீவு. வேறு நாட்டின் வழியாகப் போகும்போது ஒரே டிக்கெட்டாக எடுங்கள். மலிவாக இருக்கிறது என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தால், நடுவில் உள்ள நாட்டில் பெட்டியை வாங்கி மறுபடி போட, அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டிவரும். அதற்கு விசா இல்லை என்றால் சென்னையிலேயே ஏற்ற மாட்டார்கள். நைரோபி வழியாகச் சில நேரம் விலை குறைவாகக் கிடைக்கும். கென்யா மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இருக்கும் நாடு. அந்த வழி என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது பத்து நாள் முன்னால் போட்டுச் சான்றிதழ் வைத்திருங்கள். மொரீசியஸிலும் கேட்கலாம், திரும்பும்போது இந்தியாவிலும் கேட்பார்கள், இந்தியாவில் இந்த விஷயத்தில் தனிமைப்படுத்தும் அளவுக்குக் கடுமை உண்டு. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். வயதானவர்களுக்கு இந்த ஊசி எல்லோருக்கும் ஏற்றதல்ல என்பதால், அம்மாவையும் மாமாவையும் நினைத்து அந்த வழியையே விட்டுவிடுவேன் நான்.

இனி பெட்டி. உண்மையில் நம்மூர் ஆட்கள் மொரீசியஸில் அதிகம் மாட்டுவது பாஸ்போர்ட்டில் அல்ல, பெட்டியில்.

அது கரும்பால் பிழைத்த தீவு. கரும்பும் கரும்பின் எந்தப் பகுதியும் உள்ளே வரக்கூடாது, நோய் வந்துவிடும் என்ற பயம். தைப்பூசம் பொங்கலுக்குப் பின்னால் வருகிறது. அங்கே இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்குப் பொங்கல் கரும்பில் இரண்டு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார்கள் என்று நெல்லிக்குப்பம் பக்கத்துக்காரருக்குத் தோன்றுவது இயல்பு. வேண்டவே வேண்டாம். அதேபோல் செடி, விதை, பழம், பூ, இலை எதற்குமே முன்கூட்டிய அனுமதி வேண்டும். மாவிலை, வேப்பிலை, வெற்றிலை, மட்டையோடு தேங்காய், காவடிக்கு மயில் இறகோடு கட்டிய பூ, பண்ருட்டிப் பலாப்பழம், எல்லாம் இதில் அடங்கும். பழக்கடையில் மோரிஸ் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பழத்தின் பெயரே அந்தத் தீவின் பெயர்தான்; அதையும் அங்கே கொண்டுபோக முடியாது. மண்ணும் கூடாது. கோயில் மண், புற்று மண் என்று பொட்டலம் கட்டும் பழக்கம் அம்மாவுக்கு இருந்தால் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். பூஜைக்கு வேண்டியது எல்லாம் அங்கேயே கிடைக்கும். தைப்பூசக் காவடி அந்த நாட்டில் அரசு விடுமுறை நாள், அவர்களுக்கு எலுமிச்சம்பழமும் பூவும் நாம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய நிலை இல்லை.

கடலூர் துறைமுகக் கருவாடும் வேண்டாம். இறைச்சி, மீன் வகைகளுக்குத் தனி அனுமதி இருக்கிறது, உங்கள் பெட்டிக்காக யாரும் அதை வாங்கப்போவதில்லை. விபூதி, குங்குமம், சந்தனம், கடையில் கட்டிய முறுக்கு, வறுத்த முந்திரி, மசாலாப் பொடி இவற்றைக் கம்பெனி உறையோடு எடுத்துப் போய், சுங்கப் படிவத்தில் உணவுப்பொருள் இருக்கிறது என்று எழுதிவிடுங்கள். எழுதிக் காட்டினால் அதிகபட்சம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். எழுதாமல் பிடிபட்டால் அபராதம். துபாய் வழியாகப் போகிறவர்கள் மசாலாவோடு கசகசாவைத் தெரியாமல்கூடச் சேர்க்கக் கூடாது, அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள்.

மாத்திரைகள். அம்மாவும் மாமாவும் தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்றுதான் நினைக்கிறேன். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்குத் தொல்லை இல்லை. அசல் அட்டையோடு, மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிய சீட்டோடு, கைப்பையில் வைக்க வேண்டும். டப்பாவில் கொட்டிக் கலந்து எடுத்துப் போகக் கூடாது. தூக்க மாத்திரை, டிரமடால் போன்ற கடும் வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, நரம்பு மாத்திரைகளில் சில, இவை அங்கே கட்டுப்பாட்டுப் பட்டியலில் வருபவை. இதில் எதையாவது சாப்பிடுகிறார் என்றால் மொரீசியஸ் சுகாதார அமைச்சகத்திடம் முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டும். போதைப்பொருள் விஷயத்தில் அந்த நாடு மிகக் கடுமையானது. வேறு யாராவது 'இந்தப் பார்சலை அங்கே ஒருத்தரிடம் கொடுத்துவிடுங்கள்' என்று தந்தால், சொந்தக்காரராக இருந்தாலும் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். மின் சிகரெட்டும், சிகரெட் சுருட்டும் தாளும்கூட அங்கே கொண்டுபோகத் தடை. பிளாஸ்டிக் கைப்பைகளுக்கும் தடை உண்டு, துணிப்பையில் கட்டுங்கள்.

நகை பற்றி ஒரு வார்த்தை. கல்யாணத்துக்குப் போவதுபோல் போட்டுக்கொண்டு போனால், திரும்பி வரும்போது இந்தியச் சுங்கத்தில் 'இது வெளியே வாங்கியது இல்லை' என்று நிரூபிக்க வேண்டிவரும். அதிகம் எடுத்துப்போகத்தான் வேண்டும் என்றால் கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் தாலியும் கம்மலும் போதும்.

ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும், இன்றும் மனதை உறுத்துவது. பல வருடம் முன்னால் அங்கே ஒரு கோயில் திருவிழாவுக்கு வாசிக்க நாகஸ்வரக்காரர் ஒருவரும் தவில்காரர் ஒருவரும் போனார்கள். நான் வேலை பார்த்த இடத்தில்தான் டிக்கெட். விழாக் கமிட்டியே கூப்பிடுகிறது, சுற்றுலா என்றே போடுங்கள் என்று கொண்டுவந்தவர் சொன்னார், நானும் போட்டேன். இறங்கியதும் என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டார்கள். அவர்கள் பொய் தெரியாத மனிதர்கள், வாசிக்க வந்தோம், இவ்வளவு தருவதாகச் சொன்னார்கள் என்று உள்ளதைச் சொன்னார்கள். அடுத்த விமானத்தில் திரும்பி வந்தார்கள். சுற்றுலாவாக நுழைகிறவர் அங்கே கூலிக்கு வேலை செய்யக் கூடாது என்பது சட்டம், கோயில் வேலையும் வேலைதான். உரிய அனுமதியைக் கமிட்டியே அங்கிருந்து எடுத்திருக்க வேண்டும். நான் அன்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால் அந்த இருவருக்கும் அந்த அவமானம் நேர்ந்திருக்காது. உங்கள் கூட்டத்தில் யாராவது அங்கே பாடவோ வாசிக்கவோ சமைக்கவோ ஒப்புக்கொண்டிருந்தால், டிக்கெட் எடுக்கும் முன்னால் அதைத் தீர்த்துவிடுங்கள்.

நாட்கணக்கு: முத்திரையோடு எத்தனை நாள் என்று எழுதுகிறார்களோ அதுதான் கணக்கு. இணையத்தில் எத்தனை நாள் என்று படித்தாலும் உங்கள் பாஸ்போர்ட்டில் எழுதியதைத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் திரும்பும் டிக்கெட் தேதியை ஒட்டியே தருவார்கள். கவுன்ட்டரைவிட்டு நகரும் முன் ஐந்து பாஸ்போர்ட்டையும் திறந்து பாருங்கள். தைப்பூச நேரம் அங்கே கோடைக்காலம், புயல் காலமும் அதுவே. நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் வரலாம். எச்சரிக்கை மூன்றாம் நிலைக்குப் போனால் ஊரே அடங்கிவிடும், விமானமும் நிற்கும். கடலூர்க்காரருக்குப் புயலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அனுமதித்த நாள் தாண்டும்போல் இருந்தால், தாண்டிய பிறகு இல்லாமல் அதற்கு முன்பே போர்ட் லூயியில் உள்ள பாஸ்போர்ட் குடிவரவு அலுவலகத்தில் போய் நீட்டிப்பு கேளுங்கள். விமானம் ரத்தான தகவலைத் தாளில் வாங்கி வைத்திருங்கள். பயணக் காப்பீடு எடுப்பதும் இந்தக் காலத்துக்காகத்தான்.

மலேரியாவை ஒழித்த தீவு என்பதால், இந்தியாவிலிருந்து வருகிறவர்களைச் சுகாதாரப் பிரிவினர் கவனிப்பார்கள். காய்ச்சல் உண்டா என்று கேட்டாலோ, பிறகு தங்கும் முகவரிக்குத் தொடர்புகொண்டாலோ பதற வேண்டாம், வழக்கமான வேலை.

அங்கே போன பிறகு, நேரம் கிடைத்தால் போர்ட் லூயியில் ஆப்ரவாசி காட் என்ற இடத்துக்கு மகனை அழைத்துப் போங்கள். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட இந்தியர்கள் வந்து இறங்கிய இடம், 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அதற்கும் முன்னால், பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரிக் கொத்தர்களும் தச்சர்களும் அந்தத் தீவுக்குப் போய்க் கட்டடம் கட்டியிருக்கிறார்கள். கூலிகளாக வந்தவர்களுக்கு ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் பேரேட்டில் எழுதினார்கள். பிற்காலத்தில் புகைப்படமும் எடுத்தார்கள். அந்தப் பதிவுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. நம் பெயரைக் காதில் விழுந்தபடி பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் எழுதிவைத்ததால், முத்துசாமியும் வீராசாமியும் அங்கே என்னென்னவோ எழுத்துக்கூட்டலில் இன்று வரை நடமாடுகிறார்கள். அந்த ஊர் ரூபாய் நோட்டை மகனிடம் காட்டுங்கள், அதில் தமிழ் எழுத்து இருக்கும். 1998-இல் வந்த புது நோட்டில் தமிழைச் சமஸ்கிருதத்துக்குக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று அங்குள்ள தமிழர் கொதித்தெழ, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சிட்டார்கள்.

ரோட்ரிகஸ் தீவுக்குப் போவதாக இருந்தால் அது மொரீசியஸின் பகுதியே, தனி விசா கிடையாது, பாஸ்போர்ட்டை மட்டும் கையில் வைத்திருங்கள்.

சுற்றுலாப் பேக்கேஜாக வாங்கினால் ஏஜென்ட் அதன்மேல் டி.சி.எஸ். வரி (விற்கும்போதே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) வசூலிப்பார். அது சட்டப்படியானது, ஏமாற்று இல்லை. உங்கள் பான் எண்ணில் கட்டச் சொல்லி, வருமான வரிக் கணக்கு போடும்போது கழித்துக்கொள்ளலாம். ரசீதில் 'விசா' என்று ஒரு தொகை போட்டிருந்தால் அதைத்தான் அடிக்கச் சொல்ல வேண்டும்.

கடைசியாக அம்மாவுக்கு ஒரு வேலை செய்யுங்கள். குடிவரவு வரிசையில் குடும்பமாக ஒன்றாக நிற்கலாம், மாமா உட்பட. ஆனாலும் கூட்டத்தில் அம்மா தனியாக ஒரு கவுன்ட்டருக்குப் போக நேர்ந்தால் அங்கே பேசுவது ஆங்கிலமும் பிரெஞ்சும் கிரியோலும். ஒரு தாளில் ஆங்கிலத்தில், 'மகன் குடும்பத்தோடு வந்திருக்கிறேன், சுற்றுலா, பன்னிரண்டு நாள், தங்கும் முகவரி இது, திரும்பும் விமானம் இது, மகனின் போன் எண் இது' என்று எழுதி, கீழே அதையே தமிழிலும் எழுதி, அவர் பாஸ்போர்ட் உறைக்குள் வையுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அதற்காகத்தான் அந்தத் தமிழ்.